திட்டினால் திருந்துவாரா?

(மலாக்கா மாநிலத் தோட்டப்புறக் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



ஜாசின், மெர்லிமாவ், டுரியான் துங்கால் பக்கமிருந்து வேலைக் களைப்போடு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டார்கள். போர் முடிந்த பிறகு கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடை முன் மறியல் செய்தது. நம் பாட்டன்மார் செய்த உரிமைப் போராட்டம் அது. ஆனால் கடையை மறியல் செய்யலாம், மனிதனை எப்படி மறியல் செய்வது? கள்ளு குறைந்த இடத்தில் சம்சு வந்து உட்கார்ந்துகொண்டது.

என் தாய்மாமன் பால்மரம் சீவியவர். லயத்தை விட்டுத் தாமானுக்கு மாறிய பிறகு குடி கூடிவிட்டது. ஒருநாள் எப்படியோ சம்மதிக்க வைத்து சிகிச்சைக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்தவர், "வெட்கமா இல்லையா? பிள்ளைகளை நினைச்சுப் பார்த்தியா?" என்று பிடித்துக்கொண்டார். மாமா தலையைக் குனிந்து "சரிங்க" என்றார். அதன்பின் அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டில் நாங்கள் மட்டும் என்ன செய்தோம்? அதேதான். அத்தை திட்ட, அம்மா அழ, நான் மிரட்ட, அவர் சம்சுவுக்கு வக்கீலாகவே மாறிவிட்டார். "உன் காசிலயா குடிக்கிறேன்? உடம்பு வலிக்கு மருந்துடா இது!"

இதைத்தான் அமெரிக்க மனநல நிபுணர் வில்லியம் மில்லர் கவனித்தார். 1983-இல் அவர் எழுதிய முறைக்கு மோட்டிவேஷனல் இண்டர்வியூவிங் என்று பெயர். நாம் 'மனம் திறக்கும் பேச்சு' என்று வைத்துக்கொள்ளலாம். அவரும் நண்பர்களும் 1993-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆலோசகர் எவ்வளவுக்கு மோதிப் பேசினாரோ, அவ்வளவுக்கு அந்த ஆள் ஓர் ஆண்டு கழித்து அதிகம் குடித்தார் என்று அதில் தெரிந்தது. குடிப்பவர் மனதில் 'விடணும்', 'விட முடியாது' என்று இரண்டு குரல் எப்போதும் இருக்கும். நாம் முதல் குரலைப் பிடுங்கிக்கொண்டு கத்தினால், அவருக்கு மிச்சம் இருப்பது இரண்டாவது குரல்தான்.

பிறகு எப்படிப் பேசுவது? இப்படி.

"அண்ணே, குடிச்சா உங்களுக்கு என்ன கிடைக்குது?"

"ஒடம்பு வலி தெரியாது. தூக்கம் வரும்."

"சரி. பிடிக்காதது ஏதாச்சும் இருக்கா?"

"சம்பளம் வாங்கி நாலு நாள்ல கை காலி. சின்னவ பள்ளிக்கூடத்துக்குக் காசு கேட்டா அவ மூஞ்சியைப் பாக்க முடியல."

"மக மூஞ்சியைப் பாக்க முடியாததுதான் உங்களை ரொம்ப உறுத்துது."

இங்கே நிறுத்துங்கள். புத்தி சொல்லாதீர்கள். அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொன்னோம், அவ்வளவுதான். அடுத்து, "குடியை விடணும்ங்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? 0-விலிருந்து 10 வரை ஒரு நம்பர் சொல்லுங்க" என்று கேளுங்கள். 4 என்றால், "ஏன் 4 தானா?" என்று கேட்கவே கூடாது. "ஏன் 2 சொல்லாம 4 சொன்னீங்க?" என்று கேட்க வேண்டும். அப்போது காரணம் அவர் வாயிலிருந்தே வரும். "கிளினிக்கில் என்ன செய்வாங்கன்னு நான் ஒன்னு சொல்லட்டுமா?" என்று அனுமதி கேட்டுவிட்டுச் சொன்னால், காது கொடுப்பார்.

இது பெரிய படிப்பு படித்தவர்களுக்கு மட்டுமா? இல்லை. இந்தியாவில் கோவா மாநிலத்தில் சங்கத் என்ற அமைப்பு, டாக்டரும் நர்சும் அல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், அளவு மீறிக் குடித்த 377 ஆண்களிடம் சோதித்தார்கள். ஒருவருக்கு அதிகபட்சம் நான்கு முறைதான் பேச்சு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, இப்படிப் பேசப்பட்டவர்களில் நூற்றுக்கு 36 பேர் ஆபத்து இல்லாத நிலைக்கு வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 பேர். 2017-இல் வெளியான கணக்கு இது. மந்திரம் இல்லை, நூற்றுக்குப் பத்துப் பேர் கூடுதல். நம் தோட்டத்தில் பத்து வீடு என்றால் எவ்வளவு என்று தாய்மார்களுக்குத் தெரியும்.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவரை "இன்றோடு நிறுத்து" என்று அறையில் பூட்டி வைக்காதீர்கள். திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, குழப்பம் வரும், உயிரே போகலாம். அவர்கள் டாக்டரின் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அடுத்து, அடிக்கிற ஆளிடம் உட்கார்ந்து நம்பர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், அம்மா. முதலில் பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். போலீசில் புகார் செய்யுங்கள்.

இன்னொன்று. தமிழில் மனம் விட்டுப் பேசுகிறவரிடம் அந்தரங்கத்தில் உள்ளது வெளியே வரும். உடைந்த மலாயில் வராது. அரசாங்கக் கிளினிக்கில் நமக்கு அப்படி ஓர் ஆள் வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல, வரி கட்டுகிறவனின் உரிமை. ஜாசின், அலோர் காஜா மாவட்ட சுகாதார அலுவலகங்களுக்குக் கொடுக்க ஒரு மனு மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

மாமா இப்போது வாரம் ஒரு நாள் குடிக்கிறார். முழுசாக விடவில்லை, பொய் சொல்ல மாட்டேன். பேத்தியைப் பள்ளியில் கொண்டுவிடும் நாட்களில் தொடுவதில்லை. அந்த யோசனை அவருடையது, எங்களுடையது அல்ல.

கேள்வி இருந்தால் கேளுங்கள். பின்வரிசையில் நிற்கும் அண்ணன்மாரும் கேட்கலாம், இங்கே யாரும் திட்ட மாட்டோம்.