மூன்று நாளில் சைகோன்



வெளிநாடு சுற்றிப்பார்க்கப் போகலாம் என்று பேச்செடுத்தால் நம் புதுச்சேரிப் பக்கத்தில் முதலில் சிங்கப்பூர் வரும், அடுத்து பாங்காக் வரும். தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்ப்பவருக்குச் சேர்ந்தாற்போல நான்கைந்து நாள் லீவு கிடைப்பதே பெரிய காரியம். அந்த நாட்களை வைத்துக்கொண்டு எங்கே போகலாம் என்று கேட்டால், சைகோன் என்பேன். ஹோ சி மின் நகரம் என்பது அதன் இன்றைய பெயர்.

புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அது நமக்கு உறவுள்ள ஊர். 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட புதுச்சேரிக்காரர்கள் பலர் குமாஸ்தாவாக, போலீசாக, வரி வசூலிப்பவராக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சொல்தாவாக, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாயாகப் போனவர்களும் உண்டு. 1875-இல் தொடங்கிய இந்தோசீன வங்கி முதன்முதலில் கிளை திறந்த ஊர்களில் சைகோனும் இருந்தது, புதுச்சேரியும் இருந்தது.

முதல் வேலை விசா. வியட்நாம் அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஒருமுறை போய்வரக் கட்டணம் 25 டாலர். அதே தோற்றத்தில் கூடுதல் பணம் வாங்கும் தளங்களும் இருக்கின்றன, கவனம் வேண்டும். நமக்கு இனிஷியல்தான் தொல்லை. அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் எந்த இடத்தில், எப்படி அச்சாகியிருக்கிறதோ, அப்படியே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். ஒரு எழுத்து பிசகினாலும் விமான நிலையத்திலேயே மடக்குவார்கள். கையில் ஒரு பிரிண்டும் இருக்கட்டும்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழை குறைவு. பொங்கல் லீவை ஒட்டிப் போவது நல்லது. அதற்குப் பிறகு வரும் 'தெத்' என்ற அவர்களுடைய புத்தாண்டின்போது கடைகள் மூடிக்கிடக்கும்.

முதல் நாள் முழுக்க நகரின் நடுப்பகுதிக்கே கொடுங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் பழைய தலைமைத் தபால் நிலையத்துக்குப் போய்விடுங்கள். 1891-இல் கட்டி முடித்த கட்டடம். உள்ளே இரண்டு பக்கச் சுவரிலும் பழைய வரைபடங்கள், பிரெஞ்சுப் பெயர்களோடு. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் சுதந்திர மாளிகை; வியட்நாம் போரின் முடிவில், 1975 ஏப்ரல் 30 அன்று டாங்கிகள் வாசற்கதவை இடித்துக்கொண்டு நுழைந்த இடம் அதுதான்.

அதன் பிறகு மாரியம்மன் கோயில். பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், சிறிய கோபுரம். இந்தக் கோயிலில் அவசரப்படாதீர்கள், ஒரு மணி நேரமாவது இருங்கள். நம்மவர்கள் பெரும்பாலும் ஊர் திரும்பிவிட்ட பிறகும் அம்மனை விடாமல் கும்பிட்டு வருபவர்கள் வியட்நாம் மக்களும் சீனர்களும்தான். கை நிறைய ஊதுபத்தியும் பூவுமாக வருவார்கள். கருவறையைச் சுற்றிப் பின்புறம் போனால், கற்சுவரில் நெற்றியை முட்டி, இரண்டு உள்ளங்கையையும் பதித்து, மெல்லிய குரலில் அம்மனிடம் குறையைச் சொல்லிக்கொண்டு நிற்பார்கள். நம் ஊர் மாரியம்மனைத் தங்கள் தாயாகவே எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். என்னைக் கேட்டால், இந்த ஒரு காட்சிக்காகவே அவ்வளவு தூரம் போகலாம்.

இரண்டாம் நாள் கூ சி சுரங்கங்கள். போர்க்காலத்தில் சுமார் 250 கிலோமீட்டர் நீளத்துக்கு மண்ணுக்கடியில் தோண்டியவை. போக வர அரை நாளுக்கு மேல் ஆகும். மூட்டுவலி, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் உள்ளே இறங்க வேண்டாம், மேலே நின்று பார்த்தாலே போதும். அன்றைக்கே மீகாங் ஆற்றையும் சேர்த்துக் காட்டுகிறோம் என்று ஏஜெண்டுகள் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், பாதி நாள் வேனிலேயே போய்விடும்.

மூன்றாம் நாள் காலை போர்ச் சின்னங்கள் அருங்காட்சியகம். ரசாயன மருந்து தெளித்ததில் ஊனமானவர்களின் படங்கள் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

சைவக்காரர்கள் 'சாய்' என்று கேட்டால் மரக்கறிச் சாப்பாடு கிடைக்கும். சாலையைக் கடக்கும்போது ஓடக் கூடாது, பின்வாங்கவும் கூடாது. ஒரே சீராக நடந்தால் மோட்டார் சைக்கிள்கள் விலகிப் போகும்.

புறப்படும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய கடிதம், போட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள். சைகோன் விலாசம் இருந்தால் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தெருப் பெயர்கள் மாறிவிட்டன. கத்தினா தெரு இப்போது தோங் கோய். செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கும் ஓயே தெரு இப்போது தோன் தாத் தியெப். உங்கள் தாத்தா இருந்த தெருவின் இன்றைய பெயரை இங்கேயே தேடி எழுதிக்கொண்டு போனால், மூன்றாம் நாள் மாலையை அதற்கே ஒதுக்கலாம்.