ஆழ்கடல் சுரங்கம்: ஆய்வு வேண்டும், அழிப்பு வேண்டாம்

(ஹைதராபாத்தில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



ஹைதராபாத் கடல் இல்லாத நகரம். ஆயினும் இந்தியக் கடல்சார் தகவல் சேவைகளுக்கான தேசிய மையம் 1999 முதல் இங்குதான் இயங்குகிறது. சுனாமி எச்சரிக்கையும், மீன் மிகுந்த பகுதிகள் பற்றிய அறிவிப்பும் இங்கிருந்தே மீனவர்களைச் சென்றடைகின்றன. மக்கள் பணத்தில் வளரும் அறிவியல் மக்களுக்குப் பயன்படுவதற்கு இது நற்சான்று.

இம்மையமும் பங்கேற்கும் ஆழ்கடல் இயக்கத்திற்கு ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூனில் 4,077 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. காலநிலை ஆய்வும் ஆழ்கடல் உயிரினங்களின் பாதுகாப்பும் அதன் கூறுகள். கடலடிக் கனிமங்களை அள்ளும் தொழில்நுட்பமும் அதன் கூறே. இன்னும் பெயரிடப்படாத உயிர்களைக் கணக்கெடுக்கும் திட்டமே, அவற்றின் இருப்பிடத்தை அகழும் இயந்திரத்தையும் உருவாக்குகிறது. முரண்பாடு இங்கேயே தொடங்குகிறது.

மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பல்லுலோக முடிச்சுகளை ஆராய, சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் இந்தியா 2002இல் ஒப்பந்தம் செய்தது. மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் அடங்கிய இம்முடிச்சுகள் பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டரே வளர்கின்றன. சேறு படிந்த அந்த ஆழத்தில் கடற்பஞ்சுகளும் பவள வகைகளும் பற்றி வாழ இவையே கெட்டியான பிடிமானம். முடிச்சுகளை எடுத்தால் அவற்றின் வாழிடம் போகிறது. மேற்சேற்றைக் கிளறினால் புழுக்களும் நுண்ணுயிர்களும் அழிகின்றன. கிளம்பும் வண்டல் பரவி, நீரை வடிகட்டி உண்ணும் உயிர்களையும் மூடுகிறது.

இது வெறும் அச்சமன்று. பெரு நாட்டை ஒட்டிய பசிபிக் கடலடியில் 1989இல் விஞ்ஞானிகள் சோதனைக்காகக் கலப்பை இழுத்தனர். 26 ஆண்டுகள் கழித்து, 2015இல் மீண்டும் சென்றபோது உழவுத் தடங்கள் அழியாமல் கிடந்தன. நுண்ணுயிர்களின் செயல்பாடும் பழைய நிலைக்கு மீளவில்லை.

‘மின்கலன்களுக்குக் கனிமம் தேவை, பொதுத்துறைதானே எடுக்கிறது, ஏன் எதிர்க்க வேண்டும்?’ என்ற கேள்வி இடதுசாரி அணிகளுக்குள்ளும் எழுகிறது. கேள்வி நியாயமானதே. ஆனால் நிக்கலும் கோபால்ட்டும் இல்லாத இரும்பு-பாஸ்பேட் மின்கலன்கள் ஏற்கெனவே பெருமளவில் ஓடுகின்றன. பழைய மின்கலன்களிலிருந்து உலோகங்களை மீட்கும் வழியும் உண்டு. மேலும், பொதுத்துறை அமைக்கும் பாதையில் நடக்கப்போவது யார்? 2023இல் திருத்தப்பட்ட கடல்பகுதிக் கனிமச் சட்டம், 50 ஆண்டுக் குத்தகையைத் தனியாருக்கு ஏலம்விட வழிவகுத்தது. 2024 நவம்பரில் 13 கடற்பகுதிகளுக்கு ஏல அறிவிப்பு வந்தது. அவற்றுள் ஏழு, கிரேட் நிக்கோபாரை ஒட்டியவை.

நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடற்படுகை மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்கிறது 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை. அதில் இணையாத அமெரிக்காவோ, 2025 ஏப்ரலில் தன் அதிபரின் ஆணை மூலம் அப்படுகையைத் தன்னிச்சையாகத் தோண்ட வழி திறந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இடைநிறுத்தம் கோருகின்றன. இந்தியா அவற்றுடன் நிற்க வேண்டும்.

ஆய்வு தொடரட்டும், அதன் முடிவுகள் அனைத்தும் மக்கள் முன் வைக்கப்படட்டும். வணிகச் சுரங்கம் நிறுத்தி வைக்கப்பட வேண்டும். கடற்பகுதி ஏலங்கள் கைவிடப்பட வேண்டும். 2025 பிப்ரவரி 27 அன்று கடல் மணல் ஏலத்தை எதிர்த்துக் கேரளக் கடற்கரை முழுவதும் மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அந்தப் போராட்டத்தைத் தமிழகத்தின் மீனவக் கிராமங்களுக்கும் அறிவியலாளர்களுக்கும் கொண்டு சேர்ப்பது கட்சி உறுப்பினர்களின் உடனடிக் கடமை.