கணக்கும் விசுவாசமும்



சுங்கை லாலாங், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்துத் தோட்டப்புறக் குடும்பங்களுக்குப் பொதுப்பணம் புதிய விஷயம் அன்று. கோயில் திருவிழாவுக்கும் சபையின் பண்டிகைக்கும் வீட்டுக்கு வீடு வசூல் செய்கிறோம். ஒரு வீட்டில் துக்கம் என்றால் ஆளுக்கு ஐந்தோ பத்தோ வெள்ளி போட்டு உதவுகிறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாட்டாளிகள் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் செலுத்தினார்கள். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். பால்வெட்டிச் சேர்த்த காசு ஒன்றுகூடினால் என்ன செய்யும் என்பதற்கு அது சான்று.

ஆனால், கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பதென்றால் நமக்கு வாய் எழுவதில்லை. “சாமி காரியத்தில் கணக்குக் கேட்கலாமா?” என்கிறோம். “பெரியவர் மனம் நோகுமே” என்கிறோம். விசுவாசம் உள்ளவர்கள் கேள்வி கேட்கக் கூடாதா?

தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவரின் வாழ்க்கை இதற்கு விடை தருகிறது. ஜே. சி. குமரப்பா 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காய்வும் அமெரிக்காவில் பொருளாதாரமும் பயின்றவர். 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் தம் வாழ்வையே நாட்டுப் பணிக்கு ஒப்படைத்தார்.

1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் பெரும் பூகம்பம் நேர்ந்தது. மக்கள் அனுப்பிய நிவாரண நிதியின் கணக்கைக் குமரப்பா கவனித்தார். தொண்டர் ஒருவரின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு மூன்றணா என்று வரையறுத்தார். பிறகு காந்தியடிகள் தம் குழுவினருடன் அங்கு வந்தார். அவர்கள் உண்ணும் பாலும் பழமும் மூன்றணாவில் அடங்குமா? காருக்குப் பெட்ரோலும் வேண்டுமே! அந்தச் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்று குமரப்பா சொல்லிவிட்டார். காந்தியடிகளும் அதை ஏற்றுக்கொண்டார்.

நாடே போற்றிய தலைவரிடம் குமரப்பாவுக்கு அன்பு குறையவில்லை, கணக்கும் தளரவில்லை. வீடிழந்தவனுக்கென்று கொடுத்த காசு வீடிழந்தவனுக்கே போக வேண்டும் என்பதில் உறுதியாய் நின்றார். அதே குமரப்பா, சட்டமறுப்பைக் கண்டித்த ஆங்கிலேயப் பேராயருக்கும் மறுப்பு எழுதினார், சிறையும் சென்றார். சிறையிலிருந்தபடி இயேசுவின் போதனைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1945இல் வெளிவந்தது. ஆராய்ந்து பார்ப்பது அவருக்கு விசுவாசத்தின் பகுதியாகவே இருந்தது.

இது வேதத்துக்குப் புதிதும் அன்று. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் அப்போஸ்தலர் தம் ஒருவர் பொறுப்பில் வைத்துக்கொள்ளவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் உடன் சேர்த்துக்கொண்டார். கடவுளுக்கு முன்பாக மட்டுமன்றி மனிதருக்கு முன்பாகவும் நேர்மை விளங்க வேண்டும் என்றார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் எட்டாம் அதிகாரத்தில் இதைக் காணலாம். அப்போஸ்தலருக்கே இது தேவைப்பட்டதென்றால், நம் பொருளாளருக்கு வேண்டாமா?

பொருளாளர் நமக்கு மாமனாகவோ மச்சானாகவோ இருக்கலாம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியவர்கள் சொல்லவில்லையா? வசூலுக்கு ரசீது கொடுக்கட்டும். இருவர் சேர்ந்து எண்ணட்டும். வரவு செலவைக் கூட்டத்தில் உரக்கப் படிக்கட்டும். பெண்களும் இருந்து கேட்கட்டும். இதனால் நேர்மையான பொருளாளருக்கும் பாதுகாப்பு உண்டு. கணக்கு இல்லாத இடத்தில்தான் வதந்தி வளரும்.

கணக்குக் கேட்பது வேறு, பழி சுமத்துவது வேறு. ஒட்டுக்கடையில் முணுமுணுப்பதால் பயனில்லை. கூட்டத்தில் எழுந்து பணிவாகக் கேட்க வேண்டும். தேர்தல் காலத்தில் வாசலுக்கு வரும் அரிசிப் பொட்டலத்தைப் பார்த்தும் இதையே கேட்கலாம்: இது யாருடைய பணம்? எதற்காக வருகிறது?

கிறிஸ்தவரானாலும் வேறு சமயத்தவரானாலும், அடுத்த வசூலின்போது பணத்தோடு இந்தக் கேள்வியையும் கொடுப்போம். உழைத்துச் சேர்த்த காசுக்கு நாம் செய்யும் மரியாதை அது.