வாரக்குடியின் கதையை எழுதிய உழவர்



பிரான்ஸின் நடுப்பகுதியில் பூர்போனே என்றொரு வட்டாரம். அங்கே அந்தக் காலத்தில் பண்ணைக் குத்தகைகள் நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளோடு முடியும். நிலக்காரருக்குப் பிடிக்காமல் போன வாரக்குடி, அன்றைக்கு மூட்டை முடிச்சுகளை வண்டியிலேற்றி, பிள்ளைகுட்டிகளோடு வேறு பண்ணைக்குப் போகவேண்டியதுதான். அந்த வட்டாரத்து இக்ராந்த் கிராமத்தில் 1873-இல், அந்தத் திருநாளுக்கு முதல் நாள் பிறந்தவர் எமில் கியோமன்.

பள்ளிக்கூடம் போனது ஐந்தே வருஷம். அப்புறம் ஏரும் மாடும்தான். எழுத்தெல்லாம் வயல்வேலை முடிந்த பிறகு. கவிதைகளும் எழுதினார். ஆனால் பெயர் வாங்கித் தந்தது 1904-இல் வந்த 'ஓர் எளியவனின் வாழ்க்கை' என்ற நாவல்.

அதில் தியெனோன் என்ற கிழவர் தன் கதையைத் தானே சொல்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர். சின்னஞ்சிறு வயதில் ஆடு மேய்க்கத் தரிசுக் காட்டுக்குத் தனியே அனுப்பிவிடுகிறார்கள். நாள் முழுக்கப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. வளர்ந்து வாரத்துக்கு உழுகிறார். விளைச்சலில் பாதிக்குப் பாதி என்பது பேச்சு. ஆனால் அந்தப் பாதியைக் கொடுத்த பிறகும் ரொக்கமாக ஒரு வரி, கோழி, வெண்ணெய், கூப்பிட்ட நேரத்துக்குக் கூலியில்லாத வண்டிவேலை! பல பண்ணைகளை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்த இடைத்தரகரும் நடுவில் உட்கார்ந்திருப்பார்.

கிராமத்தைப் பற்றிப் பெரிய எழுத்தாளர்கள் எழுதாமலில்லை. ஸோலாவின் உழவர்கள் மண்வெறி பிடித்த முரடர்கள். ஜார்ஜ் சாந்தின் உழவர்களோ எப்போதும் குளித்து முடித்து வந்தவர்களைப் போலிருப்பார்கள். கியோமனின் தியெனோன் கணக்குப் போடுகிற மனிதர். எந்த மாட்டை எப்போது விற்றோம், அதில் யார் ஏமாற்றினார்கள் என்பது அவருக்கு மறப்பதேயில்லை. எனக்கு அந்த ஞாபகம்தான் நாவலின் உயிர் என்று தோன்றுகிறது.

நாவல் வந்த ஆண்டிலேயே கோன்கூர் இலக்கியப் பரிசுக்குக் கியோமன் பெயரும் அடிபட்டது. பரிசு போனது லெயோன் ஃப்ராப்பியேவுக்கு. கியோமன் ஊரை விட்டுக் கிளம்பவில்லை. மூன்று ஹெக்டேர் நிலத்தில் கடைசிவரை பாடுபட்டார். வாரக்குடிகள் சங்கம் அமைத்தபோது கூடநின்று, அவர்கள் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தார். அந்தச் சங்க அனுபவத்தையே 1912-இல் நாவலாக்கினார்.

1951-இல் காலமானார். அதற்கு ஐந்து வருஷம் முன்பு, 1946-இல், பிரான்ஸில் குத்தகைச் சட்டம் வந்தது. நிலக்காரரின் பங்கு, பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாகக் குறைந்தது.