நிறுத்தியவர்கள் மீண்டும் ஓடும்போது

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ரொறன்ரோவில் இப்போது காலை பத்து மணி. இலண்டனில் இருப்பவர்களுக்குப் பின்னேரம், யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இருப்பவர்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம்.

போன அமர்வில் ஹருகி முரகாமியின் நாவல்களைப் பற்றிப் பேசினோம். முடிவில் ஒரு நண்பர், அவருடைய ஓட்டப் புத்தகத்தைப் பற்றியும் யாராவது பேசலாமே என்றார். இந்தக் குழுவில் ஓடுகிறவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

முரகாமி 1982இல், தனது 33ஆவது வயதில் ஓடத் தொடங்கினார். அந்தப் புத்தகம் 2007இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்தபோது கால் நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருந்தார். எனக்கு அதில் பிடித்த இடம், 1996இல் சரோமா ஏரியோரம் 100 கிலோமீற்றர் ஓடியதும் அதற்குப் பிறகு அவரைப் பிடித்துக்கொண்ட சோர்வும்தான். ஓடுவதில் இருந்த ஆசை வடிந்துபோனதை மறைக்காமல் எழுதுகிறார். ஆனாலும் அவர் முழுதாக நின்றுவிடவில்லை. அது விடாமல் ஓடியவரின் புத்தகம். 1995இல் நிறுத்தி 2023இல் மறுபடி தொடங்கிய எனக்கு அதை வாசிக்கும்போது ஒரு விலகல் இருந்துகொண்டே இருந்தது. இடையில் விட்டவர்கள், திரும்பி வருகிறவர்கள் பற்றி அதில் அதிகம் இல்லை. ஆகவே கொஞ்சம் தலைப்பை விட்டு விலகி, அவர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

முதலில் நம் ஆட்களிடம் இந்தச் சொல் படும் பாட்டைச் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டி என்றால் ஓட்டம் கொண்டாட்டம். வெறுங்காலோடு 800 மீற்றர், 1500 மீற்றர், கூடாரத்துக்குள் குளுக்கோஸும் தோடம்பழமும். வீட்டில் 'ஓடு' என்றால் பதுங்குகுழிக்கு ஓடு என்று அர்த்தம். ஒரே பிள்ளை காலையில் ஒரு ஓட்டமும் இரவில் மற்ற ஓட்டமும் ஓடியது. நம் கதைகளை நினைத்துப் பாருங்கள். அவற்றில் ஓடுகிறவர்களில் பெரும்பாலானோர் எதிலிருந்தோ தப்பி ஓடுகிறார்கள். சும்மா ஓடுகிற ஒரு பாத்திரத்தைத் தேடினேன், எனக்குச் சட்டென்று ஒன்றும் அகப்படவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள், வாசிக்க ஆசை.

1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தது. எனக்கு 16 வயது. நாவற்குழிப் பாலத்தில் அவ்வளவு சனம், மழை வேறு. அன்றைக்கு ஓடவேண்டும் என்று நினைத்தவர்களாலும் ஓட முடியவில்லை, அடி அடியாகத்தான் நகர்ந்தோம். அதற்குப் பிறகு எனக்கு விளையாட்டுப் போட்டி என்று ஒன்று இருக்கவில்லை. பிறகு கொழும்பு, கனடா, இரண்டு வேலை, இரண்டு பிள்ளைகள். யாரும் என்னை ஓடாதே என்று தடுக்கவில்லை, அதற்கான இடம் ஒரு நாளில் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி எட் விட்லொக் என்ற மனிதரைப் பற்றி. ரொறன்ரோவுக்கு மேற்கே மில்டன் என்ற ஊரில் வாழ்ந்தவர். 1931இல் இலண்டனில் பிறந்தவர். இளமையில் அங்கே நல்ல ஓட்டக்காரர். சுரங்கப் பொறியியல் படித்துவிட்டு வேலைக்காகக் கனடாவுக்கு வந்ததும் ஓட்டத்தை விட்டுவிட்டார். குடியேறியவர்கள் பலரும் எதையோ விட்டுவிட்டுத்தானே வருகிறோம், சிலர் பாட்டை, சிலர் எழுத்தை. அவர் சப்பாத்தை மறுபடி கட்டியபோது நாற்பது வயது கடந்துவிட்டது. மரதனுக்கு வந்த கதை இன்னும் வேடிக்கை. அவருடைய கடைசி மகன் 14 வயதில் மரதன் ஓடியே தீருவேன் என்று நின்றான். தகப்பன் துணைக்கு ஓடினார். 48ஆவது வயதில் 2 மணி 31 நிமிடத்தில் ஒரு மரதனை முடித்தார். இருபது வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு எட்டாத நேரம் அது.

உலகம் அவரைக் கவனித்தது அதற்கும் பிறகுதான். 2003இல், 72 வயதில், ரொறன்ரோவில் 2 மணி 59 நிமிடம் 10 விநாடி. எழுபது வயதைக் கடந்த ஒருவர் மூன்று மணித்தியாலத்துக்குள் மரதன் ஓடியது அதுவே முதல்தடவை. அடுத்த வருடம் 73 வயதில் 2:54:48. 2016இல் 85 வயதிலும் நான்கு மணித்தியாலத்துக்குள் ஓடி முடித்தார். அடுத்த மார்ச்சில் இறந்துபோனார்.

பயிற்சி எடுத்த இடம் அவருடைய வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சவக்காலை. வாகனம் இல்லை, மேடு இல்லை. அதற்குள் சின்ன வட்டமாக, ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் வரைகூட மெதுவாகச் சுற்றுவார். பயிற்றுநர் இல்லை, விசேட சாப்பாடு இல்லை, பழைய சப்பாத்து. அந்த நீண்ட சுற்றல் தனக்குச் சந்தோஷம் தருவதில்லை, சலிப்பான வேலைதான் என்று பேட்டிகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். முழங்கால் நோவால் மாதக்கணக்கில் நிற்கவும் வேண்டிவந்தது. ஒவ்வொரு தடவையும் சின்னதாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டிக்கொண்டு போனார். முரகாமியின் புத்தகத்தை விட எனக்கு உதவியது இந்த மனிதர்தான். மில்டனுக்கும் ஸ்காபரோவுக்கும் ஒரு மணித்தியாலப் பயணம்தான் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இடைவெளி உடம்பில் என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. 20 வயதுள்ள, ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் கட்டிலை விட்டு எழும்பாமல் படுக்கவைத்தார்கள். உடம்பு ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால்வாசிக்கும் மேலே விழுந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். முப்பது வருட வயது அவர்களிடமிருந்து எடுத்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்ததுதான் அதிகம். பிறகு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். ஐம்பது வயதுக்காரர்கள் ஐந்து பேரும், இருபது வயதில் ஆய்வுக்கு வந்த நாளில் இருந்த அளவுக்குத் திரும்பி வந்தார்கள். இருபது வயதில் பயிற்சிக்குப் பிறகு அடைந்த உச்சத்தை மட்டும் எட்டவில்லை.

ஐந்தே பேர், எல்லாம் ஆண்கள். ஆகவே அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட மாட்டேன். இருந்தாலும் முதல்தடவை வாசித்தபோது கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். வயதின் கணக்கில் நாம் எழுதி வைத்திருப்பதில் எவ்வளவு உட்கார்ந்திருந்ததன் கணக்கு?

திரும்பி வருகிறவர்களுக்கு இதில் ஒரு பொறியும் உண்டு. இதயமும் இரத்தமும் சில வாரங்களிலேயே முன்னேறும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் வேண்டும். ஐந்தாவது வாரத்தில் மூச்சு இலகுவாகும், 'ஆகா, பழையபடி வந்துவிட்டேன்' என்று மனம் சொல்லும். அதே நேரம் குதிக்காலுக்கு மேலே இருக்கிற தடித்த நாரும் முன்னங்கால் எலும்பும் இன்னும் முதலாவது வாரத்தில்தான் நிற்கும். பலர் இரண்டாவது தடவையும் விட்டுவிடுவது இந்த இடத்தில். முன்பு ஓடியவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட, ஏனென்றால் அவர்களுக்கு வேகம் ஞாபகத்தில் இருக்கிறது.

1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் ஓடிப் பழக்கமில்லாதவர்களுக்காக ஒன்பது வாரத் திட்டம் ஒன்றை எழுதினார். முதல் வாரம் 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை, இப்படி மாறி மாறி 20 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள். நான் இதையேதான் தொம்சன் மெமோரியல் பார்க்கில் செய்தேன். ஒன்பது வாரத் திட்டத்தை இருபது வாரமாக இழுத்தேன். அறுபது விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று அங்கேதான் தெரிந்தது. நாய்க்குட்டியோடு நடந்த ஒரு பெரியவர் என்னை முந்திக்கொண்டு போனார், கை வேறு காட்டினார்.

நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று இங்கே இருக்கிற பலருக்கும் குளிசைப் பெட்டி உண்டு. அப்படியானவர்கள் தொடங்கமுன் குடும்ப வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை.

ஃபௌஜா சிங்கைப் பற்றியும் சொல்லவேண்டும். பஞ்சாபில் இளமையில் ஓடியவர், 1947 பிரிவினையோடு விட்டுவிட்டவர் என்பார்கள். எண்பது வயதுக்குப் பிறகு, ஒரு மகனைப் பறிகொடுத்த துயரத்தில், மறுபடி ஓட வந்தார். 2011 ஒக்டோபரில், கடவுச்சீட்டின்படி 100 வயதில், இதே ரொறன்ரோவில் 8 மணி 11 நிமிடத்தில் முழு மரதனை முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதைச் சாதனையாகப் பதியவில்லை. அகதி விண்ணப்பத்தோடு சான்றிதழ்களுக்கு அலைந்த நமக்கு அந்தப் பிரச்சினையை விளக்கத் தேவையில்லை. 2025 ஜூலையில், 114 வயதில், சொந்தக் கிராமத்து வீதியில் வாகனம் மோதி இறந்தார்.

எண்பதுக்கு மேல் துயரத்தோடு ஒருவர் ஏன் ஓடவேண்டும் என்று என் அம்மா கேட்டார். அம்மாவுக்கு இப்போது 74. நான் ஓடத் தொடங்கிய முதல் மாதங்களில் யன்னலால் பார்த்துவிட்டு, "பிள்ளை, ஆர் உன்னைக் கலைக்கினம்? ஏன் இப்பிடி ஓடுறாய்?" என்பார். பகிடி என்றுதான் முதலில் எடுத்தேன். ஒருநாள் நான் வீட்டுக்குள் வரும்போது அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. என் காலடிச் சத்தம் அவருக்கு வேறொரு இரவின் சத்தமாகக் கேட்டிருக்கிறது.

"நிப்பாட்டட்டே அம்மா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். போகேக்க சொல்லிப்போட்டுப் போ, எப்ப வருவாய் எண்டும் சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து சொல்லிவிட்டுத்தான் போகிறேன். இப்போது ஐந்து கிலோமீற்றருக்கு எனக்கு 38 நிமிடம் எடுக்கிறது. அம்மாவிடம் 45 என்று சொல்வேன், சப்பாத்துக் கழற்றும் நேரத்தையும் சேர்த்து.

எனக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது என்று திரையில் செய்தி வந்திருக்கிறது. கேள்விகளுக்குப் போகலாம்.