இடுப்பு வலிக்கு வீட்டிலேயே கரண்ட் வைக்கலாமா?



வழக்கமாக இந்த நேரத்தில் விதை, உரம், பூச்சி மருந்து என்றுதான் பேசுவேன். இன்றைக்கு நம்முடைய இடுப்பையும் முழங்காலையும் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்றிருக்கிறேன். மாடு நொண்டினால் அன்றைக்கே மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போகிறோம். நாம் நொண்டினால் மட்டும், "தானாச் சரியாப் போயிடும்" என்று தைலத்தைத் தடவிக்கொண்டு படுத்துவிடுகிறோம்.

நம்ம வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் பல குடும்பங்களின் நிலை உங்களுக்குத் தெரியும். வீட்டில் ஒருவர் வயலில் குனிந்து களை எடுக்கிறார். இன்னொருவர் தோல் பதனிடும் தொழிற்சாலையில் ஈரத்தோலைத் தூக்கிப் போடுகிறார். பெண் பிள்ளை ஷூ கம்பெனியில் காலை முதல் மாலை வரை தையல் மெஷின் முன்னால் குனிந்தபடி இருக்கிறது. வேலைதான் வேறு வேறு. ராத்திரி வந்து படுக்கும்போது மூன்று பேருக்கும் இடுப்பு வலி.

இப்போது பல வீடுகளில் வலிக்கு ஒரு சின்ன மெஷின் வாங்கி வைத்திருக்கிறார்கள். சோப்பு டப்பா அளவில் இருக்கும். அதிலிருந்து ஒயர் வரும். ஒயரின் முனையில் ஒட்டிக்கொள்ளும் பட்டைகள் இருக்கும். ஆஸ்பத்திரியில் 'கரண்ட் வைக்கிறது' என்கிறோமே, அதில் இது ஒரு வகை. டாக்டர்கள் இதை 'டென்ஸ்' என்பார்கள். மருந்துக் கடையிலும் கிடைக்கிறது, செல்போனில் ஆர்டர் போட்டாலும் வீட்டுக்கு வருகிறது. ஆனால் எப்படி வைப்பது, யார் வைக்கக் கூடாது என்று சொல்லித் தர கூடவே ஆள் வருவதில்லை. நான் வைத்தியன் அல்ல, விவசாயத் துறைக்காரன். இருந்தாலும், தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்வது என் கடமை என்று நினைக்கிறேன்.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது? மண்வெட்டிக் காம்பு முழங்காலில் இடித்துவிட்டால் உடனே என்ன செய்கிறோம்? கையால் பரபரவென்று தேய்க்கிறோம். வலி கொஞ்சம் தணிகிறது. தண்டுவடத்தில் ஒரு மடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொடு உணர்ச்சியைக் கொண்டுவரும் நரம்புகள் பெரிய வாய்க்கால். வலியைக் கொண்டுவரும் நரம்புகள் சின்ன வாய்க்கால். பெரிய வாய்க்காலில் தண்ணீர் வேகமாக வந்தால், சின்ன வாய்க்கால் தண்ணீருக்கு மடையில் வழி குறைந்துவிடும். மூளைக்குப் போகும் வலிச் செய்தியும் அப்படித்தான் குறைகிறது. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1965-ஆம் ஆண்டு இந்தக் கருத்தைச் சொன்னார்கள். அதன் பிறகுதான் இந்த மெஷின்கள் பெருகின. சுமார் 2,000 வருஷத்துக்கு முன்பே ரோமாபுரியில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர், கரண்ட் அடிக்கும் திருக்கை மீனை உயிரோடு தலைவலிக்கு வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். ஆகவே யோசனை பழையது, பெட்டிதான் புதியது.

அடுத்து, இதனால் நோய் குணமாகுமா? ஆகாது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 381 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2022-இல் வெளிவந்த அறிக்கை, கரண்ட் ஓடும்போதும் நிறுத்திய உடனேயும் வலி குறைகிறது என்கிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனம், நாள்பட்ட இடுப்பு வலிக்கு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இதை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. உடற்பயிற்சியையும், தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுப்பதையும்தான் அது வலியுறுத்துகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கொஞ்ச நேரத்துக்கு வலியைத் தணிக்க இது உதவலாம். வலியின் காரணத்தை இது தொடாது.

காரணத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தப் பாடத்தை உலகத்துக்குச் சொன்னதே நம்ம வேலூர்தான். 1946-இல் இங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழுந்துவிடும் என்று அந்தக் காலத்தில் எல்லாரும் நம்பினார்கள். அவர் கூர்ந்து கவனித்து, நோய் நரம்பைக் கெடுத்து உணர்ச்சியை எடுத்துவிடுகிறது, வலி தெரியாததால் கை சூட்டில் வெந்தாலும், காலில் முள் ஏறினாலும் அவர்கள் கவனிப்பதில்லை, அதனால்தான் விரல் தேய்ந்து போகிறது என்று காட்டினார். வலி என்பது நம் உடம்புக்குக் காவல்காரன். நாய் குரைத்தால் எழுந்து போய் எதற்குக் குரைக்கிறது என்று பார்க்கிறோம். நாயின் வாயைக் கட்டிவிட்டுத் தூங்குவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், வேர்க்கடலையும் தென்னையும் வைத்திருப்பவர். நெடுநாள் சர்க்கரை வியாதி. கால் எரிச்சலுக்கு இந்த மெஷினை வாங்கிப் பாதத்தில் ஒட்டியிருக்கிறார். பாதம் மரத்துப் போனதால் கரண்ட் தெரியவில்லை.

"ஒண்ணுமே தெரியல சார், மெஷின் வீக்குன்னு நெனச்சு முழுசா ஏத்திட்டேன்" என்றார்.

"ஏன் பெரியவரே, ஒட்டின பட்டை புதுசா, பழசா?" என்றேன்.

"பழசுதான், ஓரம் காஞ்சு போயிருந்துச்சு."

தோல் கொப்புளித்துப் புண்ணாகி, ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நல்லவேளை, சீக்கிரம் டாக்டரிடம் காட்டினார். ஆகவே சர்க்கரை வியாதியாலோ தொழுநோயாலோ மரத்துப்போன இடத்தில் இதை ஒட்டவே கூடாது.

இன்னும் யார் வைத்துக்கொள்ளக் கூடாது? இதயத்தில் பேஸ்மேக்கர் கருவி வைத்தவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள், புற்றுநோய்க்கு வைத்தியம் பார்ப்பவர்கள், காலில் ரத்தம் உறைந்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கழுத்தின் முன்புறம், கண், தலை, மார்பு ஆகிய இடங்களில் யாரும் ஒட்டக் கூடாது. சுண்ணாம்போ ரசாயனமோ பட்டு வெடித்த தோலிலும், புண்ணிலும் ஒட்டக் கூடாது.

வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ சொன்னால், முதல் தடவை அவர்கள் முன்னிலையில் பழகிக்கொள்ளுங்கள். தோலைக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். மெஷின் அணைந்திருக்கும்போதே வலிக்கும் இடத்தின் இருபக்கமும், ஒரு அங்குலமாவது இடைவெளி விட்டு ஒட்டுங்கள். பிறகு மெதுவாக ஏற்றுங்கள். நன்றாகக் குறுகுறுவென்று இருக்க வேண்டும். சுருக்கென்று வலிக்கக் கூடாது. அரை மணி நேரம் போதும். எடுத்த பிறகு தோல் கன்றியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டும் பிசின் காய்ந்த பட்டையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். தூங்கும்போதும், குளிக்கும்போதும், டிராக்டர், வண்டி ஓட்டும்போதும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டு லைன் கரண்ட்டிலிருந்து சொந்தமாக ஏதாவது செய்து உடம்பில் வைக்காதீர்கள். இந்த மெஷின் பேட்டரியில் ஓடுவது. லைன் கரண்ட் விட்ட வேலி என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சில வலிகளுக்கு இந்த மெஷினைத் தேடவே கூடாது. காலில் பலம் குறைதல், தொடை நடுவே மரத்துப் போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போதல், இடுப்பு வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு இளைத்தல், மரத்திலிருந்தோ பரணிலிருந்தோ விழுந்த பிறகு வரும் வலி இவையெல்லாம் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை. மார்பிலிருந்து இடது கைக்கு இறங்கும் வலியும் அப்படியே. அங்கே பட்டை ஒட்டிக்கொண்டு நேரத்தைக் கழித்தால் உயிருக்கே ஆபத்து.

கடைசியாக, வலி வராமல் பார்ப்பது. முதுகில் சுமக்கும் 16 லிட்டர் தெளிப்பானில் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. அதைத் தரையிலிருந்து தூக்காமல், மேட்டில் வைத்து மாட்டிக்கொள்ளுங்கள். வலி உள்ளவர்கள் பாதி நிரப்பினால் போதும். நீளக் காம்புள்ள களைக்கொத்தியும், வரிசை நடவில் கோனோ வீடரும் இருந்தால் குனிய வேண்டிய வேலை குறையும். மூட்டையை இரண்டு பேராக, முழங்காலை மடக்கித் தூக்குங்கள். ஷூ கம்பெனிக்குப் போகும் பிள்ளைகள் மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து நிமிர்ந்து நிற்கட்டும்.

நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி செய்பவர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 1954-இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே 1963-இல் வேலூர் சி.எம்.சி.யில் புனர்வாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்று நடத்தினார். பயிற்சியால் உடம்பை மறுபடி வேலைக்குப் பழக்கலாம் என்பதற்கு அவரே சாட்சி.

மெஷின் வாங்க வைத்திருக்கும் பணத்தில், முதலில் ஒரு தடவை டாக்டரைப் பார்த்து வலிக்குக் காரணம் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு மெஷின் தேவையா என்று அவரையே கேளுங்கள்.