கண்ணாடி கரையும் கணக்கு

கண்ணாடி நீரில் கரையாது என்று எழுதிய மாணவர்களுக்கு நான் பல்லாண்டுகள் முழு மதிப்பெண் வழங்கியிருக்கிறேன். அது என் பிழை. கண்ணாடியும் கரையும், ஆனால் மிக மெதுவாகக் கரையும்.

பிரான்சு நாட்டின் மார்க்கூலில் 1978 முதல் அணுக்கழிவைப் போரான் கலந்த கண்ணாடியோடு உருக்கி எஃகுக் கலங்களில் வார்த்தனர். அக்கலங்களை ஆழப் புதைத்தாலும் என்றேனும் ஒருநாள் நிலத்தடி நீர் கண்ணாடியைத் தொடும். கழிவிலுள்ள நெப்டூனியம் 237 பாதியாகக் குறையவே இருபது இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும். அதுவரை சோதனைச் சாலையில் காத்திருப்பவர் யார்? ஆகவே கணிப்பொறியை நாடினர்.

நீர் பட்டதும் சோடியமும் போரானும் வெளியேறுகின்றன. எஞ்சிய சிலிக்கா சிறிது கரைந்து, மீண்டும் படிந்து, பாலின்மேல் ஆடை படர்வதுபோல் மெல்லிய படலமாகிறது. அது இறுக இறுக நீர் உட்புகுதல் அரிதாகிறது. கரையும் வேகமும் பெரிதும் தணிகிறது. கணிப்பொறியில் அணுக்களைக் கட்டங்களில் நிறுத்தி, எது விடுபடும், எது மீண்டும் ஒட்டும் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் வாய்ப்புக் கணக்கால் தீர்மானிக்கின்றனர்.

இக்கணக்கை நம்பலாமா? எனக்கும் ஐயம் இருந்தது. பிரான்சின் எம்பியே தீவுகளருகே மூழ்கிய உரோமானியக் கப்பலின் கண்ணாடிக் கட்டிகள் சுமார் 1800 ஆண்டுகள் கடல்நீரில் கிடந்தன. அது போரான் கண்ணாடி அன்று; எனினும் கரையும் முறை ஒத்தது. ஆய்வகத்தில் குறுகிய காலத்தில் அளந்தவற்றைக் கொண்டு, கணிப்பொறியில் அத்தனை ஆண்டுகளையும் ஓட்டிப் பார்த்தனர். விடை, கட்டிகளின் வெடிப்புகளில் கண்ட படலத்தோடு பெரிதும் பொருந்திற்று.

ஆயினும் காரத்தன்மை மிகுந்த நீரில் சியோலைட்டு என்னும் கனிமம் தோன்றினால், அடங்கிய கரைதல் மீண்டும் விரைவுறுவதுண்டு. அது எப்போது தொடங்கும் என்று முன்கூட்டிச் சொல்வது இன்றும் கடினமாகவே இருக்கிறது.